ஊரைவிட்டு நகராத பீர்

நல்ல பீரைத் தேடத் தொடங்குகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது, பீர் கெட்டுப்போகும் பொருள் என்பதைத்தான். ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்து முதிர விடலாம் என்ற எண்ணம் மிகச் சில வகைகளுக்குத்தான் பொருந்தும். மற்றவையெல்லாம் ஆலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே இறங்குமுகம். வெப்பம் பட்டால், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. புட்டிக்குள் எஞ்சிய ஆக்சிஜன் மெல்ல வேலை செய்து, நனைந்த அட்டையின் வாடையைக் கொண்டுவருகிறது. வெளிச்சம் இன்னும் கொடியது. கசப்பைத் தரும் ஹாப்ஸ் சேர்மங்கள் ஒளி பட்டுச் சிதைந்து, கந்தகம் கலந்த துர்நாற்றம் ஒன்றை உண்டாக்குகின்றன. நிறமற்ற புட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களே போதும். பழுப்புப் புட்டி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது. பச்சைப் புட்டி அவ்வளவு தடுப்பதில்லை.

அதனால், ஒரு பீரைப் பற்றி ‘குடித்துப் பார்த்தேன், சுமார்தான்’ என்று யாராவது சொன்னால், எங்கே குடித்தீர்கள், புட்டியில் என்ன தேதி போட்டிருந்தது என்று கேட்காமல் எனக்கு இருக்க முடியாது. விளக்கு வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நின்ற புட்டியைக் குடித்துவிட்டு அந்த ஆலையின் மேல் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. பீரைத் தேடுவது என்றால், முடிந்தவரை அது பிறக்கும் இடத்துக்கு நாம் போவது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், ஊர் என்பது புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் மட்டும் இருப்பதல்ல, உள்ளே இருக்கும் பீரிலேயே கலந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

செக் நாட்டின் பில்சன் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1838-இல் அந்த ஊர் மக்கள் தங்கள் பீர் கெட்டுப்போய் வருவதைப் பொறுக்க முடியாமல், பீப்பாய் பீப்பாயாகப் பொது இடத்தில் கொட்டிக் கவிழ்த்தார்கள். பிறகு சேர்ந்து புதிய ஆலை ஒன்றைக் கட்டி, பவேரியாவிலிருந்து யோசெப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842-இல் அவர் காய்ச்சிய பொன்னிற லாகர்தான், அதாவது குளிரில் மெல்ல நொதித்து முதிரும் பீர்தான், இன்று உலகம் முழுவதும் விற்கும் வெளிர்நிற லாகர்களுக்கெல்லாம் மூதாதை. குரோலின் கைத்திறன் ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஊரின் நீரில் தாது உப்புகள் மிக மிகக் குறைவு. மென்மையான அந்த நீரில், பக்கத்து ஜாடெட்ஸ் வட்டாரத்தின் ஹாப்ஸை எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் கசப்பு நாக்கைக் கீறுவதில்லை. வட்டமாக வந்து வட்டமாகவே போகிறது. ஆலையின் நிலவறையில் ஓக் பீப்பாயிலிருந்து, வடிகட்டாமல், சற்றுக் கலங்கலாகப் பிடித்துக் கொடுப்பார்கள். நுரை பாலேடு போலத் திரண்டு நிற்கும். அதற்குக் கீழே முதலில் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் இனிப்பு, மெலிதாக வெண்ணெய் வாசம், பிறகு பச்சிலையை நசுக்கியது போன்ற கசப்பு. உலகத்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட பீர் அது. அந்த நிலவறையில் நின்று குடித்தபோது, நகல்களில் எது தொலைந்துபோனது என்று ஒவ்வொரு வாயிலும் தெரிந்தது.

இதற்கு நேர் எதிர், இங்கிலாந்தின் பர்ட்டன். அந்த ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் ஏராளம். சல்பேட் நிறைந்த அந்தக் கடின நீர் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கி, குடித்து முடித்ததும் நாக்கை உலர வைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில், லாகரைவிடக் கூடிய வெப்பத்தில் நொதிக்கும் பர்ட்டனின் வெளிர் ஏல் பீர்கள் பெயர் வாங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம். பிற ஊர்க்காரர்கள் பிறகு வேதியியலைக் கற்றுக்கொண்டு, தங்கள் நீரில் ஜிப்சத்தைக் கலந்து அந்தச் சுவையை எட்டிப் பிடித்தார்கள். நீரை இன்று எங்கும் செய்துகொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் காற்றை?

பிரஸ்ஸல்ஸும் அதன் தென்மேற்கே சென் ஆற்றை ஒட்டிய கிராமப்புறமும் லாம்பிக் பீரின் வீடு. அங்கே யாரும் ஈஸ்ட்டை அளந்து போடுவதில்லை. மால்ட் ஆக்காத கோதுமையும் மால்ட் பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புச் சாற்றை, கூரைக்கு அடியில் இருக்கும் அகலமான, ஆழம் குறைந்த உலோகத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுவதும் திறந்தே விடுகிறார்கள். ஜன்னல் வழியாக வரும் காற்றிலும், உத்தரங்களிலும், பழைய பீப்பாய்களின் மரத்திலும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரவு குளிராக இருக்க வேண்டும் என்பதால் ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்ச முடியும். வெப்பமான இரவில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். ஹாப்ஸையும் வேண்டுமென்றே ஓரிரு ஆண்டுகள் பழையதாக்கிப் போடுகிறார்கள். கசப்பும் மணமும் போய், கெடாமல் காக்கும் குணம் மட்டும் அதில் மிஞ்சியிருக்கும்.

1900 முதல் பிரஸ்ஸல்ஸில் நடந்துவரும் கான்டியோன் ஆலைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சிலந்தி வலைகள். யாரும் அவற்றைத் துடைப்பதில்லை. பழம் போட்ட பீப்பாய்களைத் தேடி வரும் ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன. வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். சிலவற்றின் வாயில் நுரை உலர்ந்து பழுப்பாகப் படிந்திருக்கும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதான லாம்பிக்கைக் கலந்து புட்டியில் அடைத்தால் அது கூஸ். இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை புட்டிக்குள் மறுபடி நொதித்து வாயுவை உண்டாக்குகிறது. முதியது ஆழத்தைத் தருகிறது. எந்தப் பீப்பாயை எந்தப் பீப்பாயோடு சேர்ப்பது என்பதை நாக்கு ஒன்றுதான் முடிவு செய்கிறது. கோப்பையைக் கிட்டே கொண்டுபோனால் எலுமிச்சைத் தோல், ஈர மரம், வைக்கோல், பழைய தோல் என்று மணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. முதல் வாய் புளிப்பு, கூர்மையான புளிப்பு. இரண்டாவது வாயில் தாடை பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற துவர்ப்பையும் உலர்வையும் வேறெந்தப் பானத்திலும் நான் கண்டதில்லை. பீர் என்றாலே கசப்பும் நுரையும்தான் என்று நினைக்கிற நண்பர்களிடம், ஒரே ஒரு முறை இதைக் குடித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

பாம்பெர்க்கின் புகைப் பீரும் அதேபோல் முதல் வாயிலேயே ஆளைத் திடுக்கிட வைக்கும். மால்ட்டை உலர்த்த விறகு நெருப்பைத் தவிர வேறு வழி பரவலாக இல்லாத காலத்தில் பீரில் புகை வாசம் இருப்பது சாதாரணம். புகை படாமல் சூடான காற்றால் உலர்த்தும் சூளைகள் வந்ததும் பெரும்பாலான ஊர்கள் புகையைக் கைவிட்டன. ஜெர்மனியின் அந்தச் சிறு நகரத்தில் ஷ்லென்கெர்லா, ஸ்பெட்சியால் என்ற இரண்டு ஆலைகள் மட்டும் கைவிடவில்லை. இன்றும் பீச் மர விறகை எரித்து, தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையில் உலர்த்துகிறார்கள். ஷ்லென்கெர்லாவின் இருண்ட பீரில் முதல் கோப்பை முழுக்கப் புகை. வேறு எதுவும் தெரியாது. மூக்கு ஒரு வாசனைக்குப் பழகிவிட்டால் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால் முதல் கோப்பையைக் கடந்தவருக்குத்தான் அடியிலிருக்கும் மால்ட்டின் மென்மை வெளியே வருகிறது. மாதிரிக்கு ஒரு மிடறு என்று ருசி பார்த்துப் போகிறவர்களுக்கு அது கடைசிவரை தெரியப்போவதில்லை. சில பீர்களோடு உட்கார வேண்டும்.

இப்படி ஊரோடு ஒட்டிய பீர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அந்த ஊர் கேட்பதை நிறுத்தினால் பீர் செத்துப்போகும். உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு, இலேசாகப் புளிக்க வைத்த கோஸெ என்ற கோதுமை பீர், ஜெர்மனியின் கோஸ்லாரில் பிறந்து லைப்சிக்கில் வாழ்ந்தது. 1966-இல் அதைக் காய்ச்சுவது நின்றுபோனது. 1980களில் லோதர் கோல்ட்ஹான் என்பவர் லைப்சிக்கின் பழைய கோஸெ விடுதி ஒன்றைப் புதுப்பிக்க முனைந்தார். கோஸெ விடுதியில் கோஸெ இல்லாமல் எப்படி? முன்பு குடித்தவர்களைத் தேடிப்பிடித்து, அது எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டுச் சுவையை வரைந்துகொண்டார். உள்ளூர் ஆலைகள் எதுவும் காய்ச்ச முன்வரவில்லை. கடைசியில் கிழக்கு பெர்லினில் ஓர் ஆலை ஒப்புக்கொண்டது. 1986-இல் கோஸெ திரும்பி வந்தது. இருபது ஆண்டுகள் சிலருடைய நாக்கின் நினைவில் மட்டுமே உயிரோடு இருந்த பீர் அது. இன்னும் இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்பதற்கு எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருக்கும்.

பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரிலும் இதேதான் நடந்தது. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வெண்ணிறக் கோதுமை பீருக்குப் பெயர்போன அந்த ஊரில் கடைசி ஆலையும் 1950களில் மூடியது. பால் வியாபாரம் செய்துவந்த பியெர் செலிஸ், இளவயதில் அந்த ஆலையில் உதவிக்கு நின்றவர். 1960களின் நடுவில் அவரே சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் பெல்ஜிய வெள்ளை பீர்கள் அவருக்குக் கடன்பட்டவை. போலந்தின் குரோட்ஜிஸ்க் நகரத்தில், ஓக் மரப் புகையில் உலர்த்திய கோதுமை மால்ட்டில் மட்டும் காய்ச்சிய மெல்லிய பீர் 1993-இல் நின்றது. வீட்டில் பீர் காய்ச்சும் ஆர்வலர்கள் பழைய குறிப்புகளையும் அந்த ஈஸ்ட்டையும் தேடியெடுத்து அதை மீட்டார்கள். மூன்று கதைகளிலும் பெரிய நிறுவனம் எதுவும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை. சுவை நினைவிலிருந்தவர்களும் விட மனமில்லாதவர்களும்தான் எடுத்து வைத்தார்கள்.

சிற்றாலைகளில் காய்ச்சி, கிராஃப்ட் பீர் என்று இன்று சொல்லப்படுவதும் அப்படித்தான் முளைத்தது. 1971-இல் பிரிட்டன்காரர்கள் சிலர் கூடி, பீப்பாயிலேயே நொதித்து முதிரும் ஏல் பீரைக் காப்பாற்ற ‘காம்ரா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். வாயுவை ஏற்றி, வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கிய ஒரே சுவைப் பீர் எல்லா விடுதிகளையும் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் மேடாக் 1965-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை மூடும் நிலையில் இருந்தபோது அதன் பங்குகளை வாங்கி நிமிர்த்தினார். 1976-இல் ஜாக் மெக்காலிஃப் கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நின்றது என்றாலும் பின்னால் வந்தவர்களுக்கு வழி காட்டிவிட்டது. 1978-இல் வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் நூறு ஆலைகள்கூட இல்லை. இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல். சமையலறையில் பானை வைத்துப் பழகியவர்கள்தான் அவற்றில் பலவற்றைக் கட்டினார்கள்.

அந்த அலையை எழுப்பியதில் ஒரு செடிக்கும் பங்குண்டு. ஓரிகனில் வளர்த்தெடுத்து 1970களின் தொடக்கத்தில் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகை, பம்ப்ளிமாஸ் பழத்தோலின் மணம் கொண்டது. ஐரோப்பிய ஹாப்ஸ் வகைகளில் அந்த மணம் கிடையாது. ஆங்கரின் லிபர்ட்டி ஏல் அதைத் துணிந்து பயன்படுத்தியது. 1980-இல் தொடங்கிய சியரா நெவாடாவின் பேல் ஏல் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அமெரிக்க கிராஃப்ட் பீருக்கும் அப்படி ஒரு மண் வாசனை உண்டு. அதை மறந்துவிட்டு வெறும் போக்கு என்று ஒதுக்குவது தவறு.

ஆனால் என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கண்டத்துக்குப் போனாலும் புதிய சிற்றாலைகளில் இன்று முதலில் நீட்டப்படுவது ஒரே பீர்: கலங்கலான, பழச்சாறு மணக்கும் ஐபிஏ என்ற, ஹாப்ஸ் தூக்கலான ஏல். அதில் நல்லவை நிறைய உண்டு. புதிதாகக் கிடைத்தால் நானும் விரும்பிக் குடிப்பேன். ஆனால் எங்கும் ஒரே சில ஹாப்ஸ் பண்ணைகள், ஒரே ஈஸ்ட் ஆய்வகங்கள், ஒரே செய்முறை. பெரிய ஆலைகள் உலகத்தை ஒரே சுவைக்குள் அடைத்தன என்று சொல்லித் தொடங்கிய இயக்கம், தானும் ஒரே சுவைக்குள் போய் அடங்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பக்கத்து வயலில் விளையும் தானியம், அந்த வட்டாரத்து நீர், அங்குள்ள தட்பவெப்பம் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிற சிற்றாலைகளைக் கண்டால் நான் அங்கேயே தங்கிவிடுவேன்.

அரிய புட்டிகளைத் துரத்துவதிலும் எனக்கு நாட்டமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வெளியாகும் பன்னிரண்டு சதவீத ஆல்கஹால் கொண்ட கருநிற ஸ்டௌட் பீருக்காக விடியலில் வரிசையில் நிற்பது, ஒரு மிடறு பார்த்ததும் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவது: இதில் எண்ணிக்கை ஏறுமே தவிர, பீரோடு பழக்கம் ஏற்படுவதில்லை. ஓர் ஆலையின் தரத்தை அதன் சாதாரண பீரில்தான் பார்க்க வேண்டும். நாலரை, ஐந்து சதவீத லாகரில் குறையை மறைக்க இடமே இல்லை. வறுத்த மால்ட்டும், பழமும், பீப்பாய் வாசமும் பல தவறுகளை மூடிவிடும். புதிய ஊருக்குப் போனால் நான் கேட்பது, இங்கே உள்ளவர்கள் தினமும் எதைக் குடிக்கிறார்கள் என்பதைத்தான். எது சீக்கிரம் தீர்கிறதோ அதுதான் புதிதாக இருக்கும்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கோல்ஷ் பீர் அதற்கு நல்ல சான்று. ஏல் ஈஸ்ட்டால் நொதித்து, பிறகு லாகரைப் போலக் குளிரில் முதிர வைத்த தெளிந்த பொன்னிற பீர். 1986-இல் அந்த வட்டார ஆலைகள் சேர்ந்து, கோல்ஷ் என்ற பெயர் தங்கள் வட்டாரத்துக்கே உரியது என்று உடன்படிக்கை எழுதிக்கொண்டன. கோப்பை இருநூறு மில்லிலிட்டர்தான். சிறு பீப்பாயிலிருந்து பிடித்த உடனே வந்துவிடுகிறது, சூடாவதற்குள் தீர்ந்துவிடுகிறது, போதும் என்று, கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் வைக்கும்வரை அடுத்தது வந்துகொண்டே இருக்கும். மிக மெல்லிய ஒரு பீரின் மணத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள டுசல்டார்ஃபில் கேட்டால் செம்பு நிறத்தில் கசப்பான ஆல்ட்பியர் வரும். செய்முறையில் இரண்டும் உறவுக்காரர்கள். ஊர்ப் பெருமையில் இரண்டும் ஒன்றை ஒன்று ஏற்காது.

வெளியூர் போக முடியாதவர்களுக்கும் தேடல் உண்டு. பெல்ஜியத்தின் ஓர்வால் துறவி மடத்தின் பீரை இதற்குச் சொல்வேன். புட்டியில் அடைக்கும்போது காட்டு ஈஸ்ட்டைச் சேர்ப்பதால், அது புட்டிக்குள்ளும் மாறிக்கொண்டே இருக்கிறது. அடைத்த தேதி புட்டியிலேயே இருக்கும். இளம் புட்டி ஒன்றையும், அடைத்து ஓர் ஆண்டு கடந்த புட்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். இளையதில் ஹாப்ஸின் பச்சை மணமும் சுறுசுறுப்பான கசப்பும் முன்னால் நிற்கும். முதியதில் அவை ஒதுங்கி, உலர்ந்த புல்லும் தோலும் மணக்கும். இனிப்பு துளியும் இருக்காது. நுரை இன்னும் துள்ளும். வண்டலைக் கலக்காமல் ஊற்ற வேண்டும். கோப்பையை வெறும் நீரில் நன்றாக அலச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடிக்க வேண்டாம். கடுங்குளிரில் நாக்கு மரத்து, பாதி மணம் மேலே வராமலே போய்விடும்.

எனக்கு இன்னும் எட்டாதவை வடக்கே இருக்கின்றன. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த க்வைக் ஈஸ்ட், முப்பத்தைந்து நாற்பது டிகிரி வெப்பத்தில்கூட ஓரிரு நாளில் பழமணத்தோடு நொதித்து முடிக்கிறது. வழக்கமான ஏல் ஈஸ்ட்டை அந்த வெப்பத்தில் விட்டால் பீர் பாழ். மர வளையங்களில் அதை ஒட்டி உலர்த்தி, அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது ஆய்வகங்களே அதைப் பொட்டலத்தில் விற்கின்றன. பின்லாந்தின் சாஹ்தியை அப்படிப் பொட்டலத்தில் வாங்க முடியாது. ஜூனிப்பர் கிளைகளின் மேல் வடித்து, ரொட்டி ஈஸ்ட்டால் நொதித்து, பெரும்பாலும் கொதிக்க வைக்காமலே செய்கிற அந்த பீர் குளிரில் வைத்தாலும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அதனால் அதை ஏற்றுமதி செய்கிறவர்கள் அரிது. அடுத்த பயணத்தை அங்கேதான் திட்டமிட்டிருக்கிறேன். பண்ணை வீட்டுச் சாஹ்தி காய்ச்சுகிறவர்களைத் தெரிந்த வாசகர்கள் யாராவது இருந்தால், எந்த மாதத்தில் காய்ச்சுகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். அந்த மாதத்துக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.